பரிசுப் பெட்டியின் மேல் ஒரு கொக்கு

மண்டப வாசலில் கார்ச் சாரதி பரிசுப் பெட்டியை இறக்கி, காரின் முன்பக்கப் பொனற்றின் மேல் வைத்தார். வீட்டில் ஏற்றியதும் அவர்தான். பட்டுச் சேலை கசங்கும் என்று என் மனைவி குணலட்சுமி அதைத் தொடவில்லை.

பெட்டியின் மேல் சிறகு விரித்து நின்றது, நான் செய்த கடதாசிக் கொக்கு.

அவள் கேட்டது ஒரு சின்னப் பூ. ஆனால் வல்வெட்டித்துறையில் பிறந்து, ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பட்டப் போட்டிக்கு இறங்குகிறவனிடம் ஈர்க்கும் நிறத்தாளும் கொடுத்துப் பூச் செய்யச் சொன்னால் அது யார் பிழை? வால் வைத்தேன். மூன்று நூல் இழுத்து, பட்டத்தைக் காற்றில் நிமிர்த்தும் முச்சையும் கட்டினேன். முச்சை இல்லாத கொக்கைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. பெட்டியைச் சுற்றிக் கட்டி முச்சையில் முடிந்த நாடாவை வெட்டவும் மனம் வரவில்லை. மிச்சம் சுருளாக என் கையில் இருந்தது.

எங்கள் மகனின் கலியாண வீடியோவில் தன் முகம் ஓரிடத்திலும் வரவில்லை என்று, குணத்தின் தங்கச்சி அருந்ததி மூன்று வருடமாக எங்களோடு கதைப்பதில்லை. இன்று அவளுடைய மகளுக்குக் கலியாணம். பெட்டியைக் கொடுக்கும்போது அவள் வாய் திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் இந்த ஜென்மத்துக்கு இல்லை என்று குணம் அழுதுகொண்டே இருந்தாள். அதனால்தான் வெள்ளிக் குத்துவிளக்கு.

கடற்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது.

கொக்கு தலையை ஆட்டியது. என் கை, என்னைக் கேளாமலே, நாடாவை இரண்டு சுண்டு சுண்டியது.

பெட்டி கிளம்பிவிட்டது.

வாசலில் வரவேற்க நின்றவர்களாவது தடுத்திருக்கலாம். அவர்களும் வல்வெட்டித்துறை.

"விடுங்கோ அண்ணை, இன்னும் கொஞ்சம் நூல் விடுங்கோ!"

விட்டேன். வேறென்ன செய்வது?

குணம் மட்டும் "ஐயோ, விளக்கு!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு ஓடினாள்.

பெட்டி வாழைமரங்களைத் தாண்டி, நாதஸ்வரக்காரரின் தலைக்கு மேலே ஒரு குட்டிக்கரணம் போட்டது. நாடா அறுந்தது. வாசற்படியில் நின்ற அருந்ததி இரண்டு கையையும் நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

மேளம் நின்றது.

அருந்ததி பெட்டியைக் கையில் ஏந்திப் பார்த்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியை வயிற்றோடு அணைத்து, முதுகை வளைத்து, மூச்சு வாங்க வாங்க எங்களிடம் நடந்து வந்தாள்.

"என்னக்கா, உந்தப் பாரத்தைத் தனியத் தூக்கிக்கொண்டு வந்தனீங்களே? கை நோகேல்லையோ?"

குணம் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. சத்தியமாகச் சொன்னால், பாதி அவர்களுக்காக, பாதி கொக்குக்காக. வெள்ளி விளக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கிற கொக்கை இந்த ஊரில் வேறு எவன் கட்டியிருக்கிறான்? சாப்பாட்டுப் பந்தியில் இடமும் வலமும் இருந்தவர்களுக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அருந்ததி பாயசத்தோடு வந்து, "ஓம் அத்தான், ஓம்" என்று எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தோம்.

விலைத் துண்டை உரிப்பதற்காகக் குணம் காலையில் வெளியே எடுத்த விளக்கு, சாப்பாட்டு மேசையிலேயே இருந்தது.