டாக்டர் இல்லாத இடம்

"டாக்டர் இல்லாத இடத்துல என் பொண்ணு பிள்ளை பெத்துக்கறதா? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது!"

மாமியார் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. பிரசவத்துக்குக் கட்டிவைத்த பையோடு மாப்பிள்ளை நடுவில் முழித்துக்கொண்டு நின்றான்.

"எல்லா டெஸ்ட்டும் நார்மல்மா. மருத்துவச்சிங்க நடத்துற மையமே போதும்னு டாக்டரே சொல்லிட்டாங்க" என்றாள் நிறைமாத மகள்.

"திடீர்னு ரத்தம் கொட்டினா?"

"வாசல்லயே ஆம்புலன்ஸ் நிக்குது, எதிர்லயே ஆஸ்பத்திரி. உனக்குத் தெரியாதாக்கும்!"

"தெரிஞ்சதாலதான்டி வேண்டாங்கிறேன்!"

அதற்குள் மகளுக்கு வலி எடுத்துவிட்டது.

"ஆஸ்பத்திரிக்கு விடுங்க மாப்பிள்ளை!"

"மையத்துக்கு விடுங்க!"

அவன் மனைவி சொன்ன பக்கமே காரைத் திருப்பினான்.

மையத்தில், மகளோடு அறைக்குள் நுழையப்போன மாமியாரை இளம் மருத்துவச்சி ஒருத்தி மறித்தாள்.

"இங்க வேலை பார்க்கிறவங்க சொந்தப் பொண்ணு பிரசவத்துக்கு உள்ள வரக் கூடாது. தலைமை மருத்துவச்சியா நீங்க போட்ட சட்டம்தானே மேடம்? பக்கத்து ரூம்ல ஒரு பொண்ணு பயந்து அழுவுது, அங்க போங்க."

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குச் சுவருக்கு அப்பாலிருந்து மாமியாரின் தேன் குரல் கேட்டது.

"எதுக்குக் கண்ணு பயம்? இதைவிட நல்ல இடம் உண்டா? நானே என் பொண்ணை இங்கதான் சேர்த்திருக்கேன்!"

வலியிலும் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பேத்தி சுகமாகப் பிறந்தாள். மாமியாரும் மகள் வீட்டோடு குடிவந்துவிட்டாள். பேத்தி தும்மினால்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாளாம். மாப்பிள்ளை வெளியூருக்கு மாற்றல் கேட்டிருப்பதாகக் கேள்வி.