எந்தச் சோடா?

ஆப்ப மாவு பொங்கவே இல்லை. விருந்தாளிகள் வந்துவிடுவார்களே என்று மாவுப் பாத்திரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. "தம்பி, என்ன செய்யலாம், கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்று செல்போனிடம் கெஞ்சியது.

"சோடா போடு அக்கா. சோடியம் கார்பனேட், ஒரு ஸ்பூன்" என்றது செல்போன்.

அலமாரியிலிருந்த சலவைச் சோடா பாக்கெட் அலறியது. "ஐயோ, அது நானாச்சே! நான் வேட்டி வெளுக்கிறவன். வயிற்றுக்குள் எனக்கென்ன வேலை? சமையல் சோடா பைகார்பனேட். அதோ, அந்த டப்பா!"

"பத்து லட்சம் பேர் பார்த்த வீடியோ இது!" என்று சிலிர்த்தது செல்போன்.

"பார்த்தார்கள், சரி. சாப்பிட்டவர்கள் என்ன சொன்னார்கள்? அதைப் படி" என்றது பாத்திரம், மூடியை இறுகப் பிடித்துக்கொண்டு.

செல்போன் முதல் கமெண்டை உரக்கப் படித்தது: "அருமை! என் பனியன் பால் மாதிரி வெளுத்துவிட்டது."