பன்னிரண்டு வோல்ட் காற்று

ஈஜிபுராவிலேயே கரெண்ட் எப்போது போகும் என்று காத்துக்கொண்டிருந்த ஒரே மனிதர் முனிகிருஷ்ணன்தான்.

எல்லாம் மனைவி மகாவுக்காக. மொட்டைமாடி ஒற்றை அறை வீட்டில் அவள் ரவிக்கை தைக்கிறாள். மெஷின் காலால் மிதிப்பது. கரெண்ட் போனாலும் ஓடும். ஆனால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் ஊசியில் நூல் கோக்கத் திணறுவதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. இனி உனக்கு மெழுகுவர்த்தியே வேண்டாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வாயால் சொல்ல என்ன, யாரும் சொல்லலாம். கம்பெனி வண்டி ஓட்டுகிறவர், செல்போனில் வீடியோ பார்த்துக் காற்றாலை கட்டக் கிளம்பினார். பிவிசி பைப்பை அறுத்து இறக்கை செய்து, பழைய மோட்டாரில் மாட்டி, மாடிச் சுவரோரம் நிறுத்தினார்.

அது அசையவே இல்லை. இந்தப் பக்கம் மூன்று மாடி, அந்தப் பக்கம் நான்கு மாடி. காற்று எந்தச் சந்து வழியாக வரும்? தெருவே சிரித்தது. மனுஷன் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

பிறகு ஒருநாள் சாயங்காலம் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிய வேகத்தில் முதல் பல்பு புகைந்துபோனது.

காற்றுக்குக் கடிவாளம் வேண்டும் என்று எஸ்.பி. ரோடு எலக்ட்ரிக் சாமான் கடையெல்லாம் அலைந்து ஒரு கன்வர்ட்டர் வாங்கி வந்தார். உள்ளே கூடக் குறைய எத்தனை வோல்ட் வந்தாலும் வெளியே பன்னிரண்டாகத்தான் விடும். பாட்டரி வைக்கவில்லையா என்று கேட்டவர்களிடம், காற்றை நம்பாதவன் வாங்குவான் என்றார். நாலு நாளில் அவ்வளவு தெனாவட்டு வந்திருந்தது.

இன்று மகா ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். பெண் வீட்டார் வாங்கிப்போக வரும் நேரம்.

கரெண்ட் போனது.

டியூப்லைட் அணைந்தது. காற்று விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது. முனிகிருஷ்ணன் மீசையை நீவிக்கொண்டார்.

இரண்டாவது முறை நீவுவதற்குள் அதுவும் மங்கி அணைந்தது.

அவர் வெளியே ஓடிப் பார்த்தார். இறக்கை சோம்பலாக ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம். மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் மகாவின் மடியிலேயே தயாராக இருந்திருக்க வேண்டும்.

மாடிச் சுவரிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலின் சமையலறை ஜன்னல். அங்கே சமைக்கும் லட்சுமம்மா இருட்டில் தலையை நீட்டினாள். சுவரோரம் நின்றவரை அவள் கவனிக்கவில்லை.

"மகா, நீ சொன்னேன்னு தினம் அடுப்பை அணைச்சப்புறமும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டுட்டுதானே இருந்தேன். கரெண்டே இல்லைன்னா உன் வீட்டுக்காரருக்குக் காத்துக்கு நான் எங்கம்மா போறது?"