கிளி பார்க்க வந்தவள்

சாயங்காலம் வரச் சொன்ன வீட்டுக்கு வைஜெயந்தி மதியச் சாப்பாடு முடிந்த கையோடு போய்ச் சேர்ந்தாள்.

வேண்டுமென்றேதான். கிளியைக் கொடுப்பதாகச் சொன்ன அடைக்கலசாமி என்ற மனிதர் போனில், இருட்டுகிற நேரத்துக்கு வாங்க, அதற்கு முன்னால் வேண்டாம் என்று அழுத்திச் சொன்னதுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருந்தது.

போன வருஷம் பெரார்கஞ்சில் ஒருவரிடம் வாங்கிய கிளியும் சொன்ன நேரத்துக்குப் போய்ப் பார்த்தபோது ஜம்மென்றுதான் உட்கார்ந்திருந்தது. சீக்கு வந்த கிளி ஆளைக் கண்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும் என்று அப்போது அவளுக்கு யார் சொன்னார்கள்? வந்த வாரமே அது அவள் உள்ளங்கையில் தலை சாய்ந்தது. இன்னொரு தடவை கொய்யா மரத்தடியில் குழி தோண்ட அவளுக்குத் தெம்பில்லை.

அதனால் இந்த முறை கிளிக்கும் கிளிக்காரருக்கும் சிங்காரித்துக்கொள்ள அவகாசமே கொடுப்பதில்லை என்று லம்பா லைனிலிருந்து ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு ஜங்லிகாட் சந்துக்குள் நுழைந்துவிட்டாள்.

கதவைத் திறந்தது அடைக்கலசாமி இல்லை. அவர் மனைவி ஆக்சிலியா. அவர் கப்பல் டிக்கெட் விஷயமாகப் போயிருக்கிறார் என்றாள்.

கிளியைப் பார்க்க வந்தேன் என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. தீவை விட்டு மெயின்லேண்டுக்குப் போகிற நேரத்தில் இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தனக்குத் தூக்கமே இல்லை, ஆள் பிடித்துவிட்டதைத் தன்னிடம் சொல்லவே இல்லை பாருங்கள் என்று கணவரைச் செல்லமாகக் கடிந்துகொண்டே கூண்டை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தாள்.

வருகிற வழியில் ஒருமுறை அதைக் கீழே வைத்து மூச்சு வாங்கினாள். வைஜெயந்தியின் கண் கூண்டை விட்டு நகரவில்லை.

கொண்டை வைத்த சாம்பல் கிளி. கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு.

மூக்குத் துவாரம் உலர்ந்திருந்தது. கண்ணில் பீளை இல்லை. மூச்சு விடும்போது வால் ஆடவில்லை. தட்டில் விரித்திருந்த பேப்பரை உருவி எச்சத்தைக்கூட ஆராய்ந்தாள். பெண் பார்க்க வருகிற மாமியார்கூட இந்தத் துருவு துருவ மாட்டாள்.

கடைசியாகத் துண்டால் பிடித்து நெஞ்செலும்பைத் தடவினாள். எலும்பு துருத்தினால் சீக்கு. துருத்தவில்லை.

ஆக்சிலியா பக்கத்திலேயே நின்று, தினையை ஊறவைத்துத்தான் போட வேண்டும், இடி இடித்தால் கூண்டின் மேல் துணி போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வைஜெயந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கிளிக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

நாங்கள் திரும்பி வருவதற்குள் என்னை மறந்துவிடுமோ என்னவோ என்று ஆக்சிலியா சிரித்தாள்.

வைஜெயந்தி உஷாரானாள். கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்கிற ஜனங்களை அவளுக்குத் தெரியும். ஆரம்பத்திலேயே பேசிவிடுவது நல்லது என்று நினைத்தாள்.

"திருப்பிக் கேக்க மாட்டோம், இனிமே தீவுப் பக்கமே வரப் போறதில்லன்னு உங்க வீட்டுக்காரர் பக்காவா சொல்லிட்டாரேக்கா. அதனாலதான் நானே ஒத்துக்கிட்டேன்."

ஆக்சிலியாவின் கை கூண்டுக் கம்பியிலேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் வைஜெயந்தி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். புறங்கையில் ஊசி ஏற்றிய இடத்தில் பிளாஸ்திரி. வளையல் முழங்கை வரை ஏறிக் கிடந்தது. முக்காட்டுக்குள் முடியே இல்லை.

"டெஸ்ட்டு எடுத்துட்டு ரெண்டு வாரத்துல திரும்பிரலாம்னுல்லா எங்கிட்ட சொல்லியிருக்காவ," என்றாள் ஆக்சிலியா.

தனக்குத்தான் போனில் சரியாகக் கேட்டிருக்காது, அவர் வேறு என்னவோ சொல்லியிருப்பார் என்று வைஜெயந்தி உளறினாள். பாழாய்ப்போன தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆக்சிலியா அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. உருவிய பேப்பரை மறுபடி தட்டில் விரித்தாள். சிந்திய தினையைக் கையால் கூட்டி அள்ளினாள். கூண்டை இரண்டு கையாலும் தூக்கிப் பழைய இடத்தில் கொண்டுபோய் மாட்டினாள். உதவிக்கு வந்த வைஜெயந்தியை வேண்டாம் என்று தடுத்தாள்.

பிறகு வாசல் வரை வந்தாள்.

"அவிய வரச்சொன்ன நேரத்துக்கே வந்து வாங்கிட்டுப் போங்கம்மா. நான் அப்ப பூசைக்குப் போயிருப்பேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னே அவிய நெனச்சுக்கிடட்டும்."