பூட்டு இல்லாத கடை

“பூட்டு இல்லாத கடைன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டு, இப்ப நீங்களே பூட்டைத் தூக்கி மாட்டப் போறீங்களா அத்தான்?”

அத்தான் எழுந்து போய், அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவளுடைய அக்கா வீட்டுக்காரர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து நடத்தும் ஆன்லைன் கடை அது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் கேம்களைத் தேடிப் பிடித்து, இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி சரிசெய்து விற்பார்கள். ஒருமுறை வாங்கி டவுன்லோட் செய்துவிட்டால் போதும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், இன்டர்நெட்கூட வேண்டாம், காலத்துக்கும் வாங்கியவருடையது. அச்சகத்துக்கு மேல் மாடியில் இரண்டே அறைகள். வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை.

“கடையை வித்தாச்சு,” என்றார் அத்தான். “ஒண்ணாந்தேதி பெரிய கம்பெனி கைக்குப் போகுது. அப்புறம் எல்லா கேமுக்கும் பூட்டு. ஒவ்வொரு தடவையும் அவங்க சர்வர் சரின்னு சொன்னாத்தான் திறக்கும்.”

“ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கினவங்க?”

“டவுன்லோட் பண்ணி வச்சிருந்தா தப்பிச்சாங்க. இல்லேன்னா அவ்வளவுதான்.”

“பாதிப் பேர் பண்ணியே இருக்க மாட்டாங்க! கடை எங்கே ஓடிப் போயிடப் போகுதுன்னு நம்மளை நம்பிக்கிட்டு இருக்காங்க.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “கப்பல்ல சமையல் வேலை பார்க்கிறவர் ஒருத்தர் நமக்கு எழுதுவாரே, மாசக்கணக்கா நடுக்கடல்ல கிடக்கார். அங்கே எந்த சர்வர் வந்து சரின்னு சொல்லும்? காசை வாங்கிக்கிட்டுக் கழுத்தை அறுக்கிறதுக்குப் பேர் வியாபாரமா?”

“கத்தாதே.”

“சரி, கத்தலை. எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டு, உங்க பொருளை உடனே எடுத்து வச்சுக்கங்கன்னாவது சொல்லிடலாம்.”

“கூடாது. கைமாறுற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்க அக்காவுக்கே தெரியாது.” அவர் அவள் பக்கம் விரலை நீட்டி, “எல்லாரோட மெயில் அட்ரஸும் உன்கிட்டதான் இருக்கு. ஜாக்கிரதை” என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரை ஏமாற்றுவது இவர், திருடியிடம் பேசுவது போல எச்சரிப்பது அவளையா? அங்கேயே ஒரு தாளை உருவி, ‘வேலையை விடுகிறேன்’ என்று எழுதி மேசையில் அறைந்தாள். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தேதி போட்டிருக்கிறாளா என்று மட்டும் பார்த்துவிட்டு இழுப்பறைக்குள் வைத்தார். இத்தனை நாள் உழைப்புக்கு அவ்வளவுதான் மரியாதை!

மேசையைக் காலி செய்கிறேன் என்ற பேரில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். மனசு ஆறவில்லை. கணக்குப் பார்ப்பவர் முதல் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

‘கடை கைமாறுகிறது. நீங்கள் வாங்கிய எல்லா கேம்களையும் இன்றே டவுன்லோட் செய்து பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். இனி இந்த வாய்ப்பு கிடைக்காது.’

கீழே தன் பெயரையும் போட்டு, அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டுத்தான் படியிறங்கினாள்.

மறுநாள் காலையில் அத்தானே போன் செய்து வரச் சொன்னார். போனால், எதிர் நாற்காலியில் பெரிய கம்பெனி அதிகாரி முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணு விடாம வழிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க! இனிமே நாங்க யாருக்குப் பூட்டுப் போடறது?”

“உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியே!” என்று அத்தான் அவள் மேல் பாய்ந்தார். அவர் இப்படிக் குரல் உயர்த்தி அவள் பார்த்ததே இல்லை.

அவள் அசையவில்லை. “அவங்க வாங்கின பொருளை அவங்க எடுத்துக்கிட்டாங்க. இதுல ரெண்டகம் எங்கே வந்துச்சு? வீட்டை வித்துட்டு, குடிவந்தவங்க அசந்த நேரம் பார்த்துச் சாவியைப் பிடுங்கிக்கிறீங்களே, அதுக்குப் பேர்தான் ரெண்டகம்!”

“இந்தப் பொண்ணு மேல நடவடிக்கை எடுங்க சார்,” என்றார் அதிகாரி.

“எப்படி எடுக்கிறது? நேத்து மத்தியானமே வேலையை விட்டுட்டாளே,” என்று தாளை எடுத்து நீட்டினார் அத்தான்.

அதிகாரி அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். “வேலையைக் கைமாத்தறதுக்காக, உங்க ஆபீஸ்ல ஒரே ஒரு ஆள்கிட்ட மட்டும் சொல்லிக்கலாம்னு விட்டோம். ஆளைப் பார்த்துச் சொல்லக் கூடாதா?”

“தப்பு என்னுதுதான்,” அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி தடதடவென்று படியிறங்கிப் போனார். அவளும் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“நானும் கிளம்பறேன். இனிமே அக்காவைப் பார்க்கணும்னா, நீங்க வீட்டுல இல்லாத நேரமாப் பார்த்து வர்றேன்.”

அத்தான் கையமர்த்தினார். கீழே கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தார். பிறகு செம்பிலிருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

“கூட்டாளியோட பங்குதான் பெருசு. அவன் வித்துட்டான், என்னால தடுக்க முடியல. வாயையும் கட்டிப் போட்டுட்டாங்க. ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லலாம்னு விட்டாங்க பாரு, அப்ப ஆளைப் பார்த்துத்தான் சொன்னேன். உங்க அக்கா முழுகாம இருக்கிறதை எனக்கு முன்னாடியே தெரு முழுக்கச் சொன்னவளாச்சே நீ! நேத்து என்னடான்னா, சாயங்காலம் வரைக்கும் வாயைத் திறக்காம உட்கார்ந்திருக்கே. எங்கே திருந்தித் தொலைச்சிட்டியோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு!”