நெஞ்சு வெடித்த மனிதன்

சிறுசேரியில் நாற்பது மாடிக் கட்டடம் எழும்பும் இடத்தில் அன்று ரசாயன எச்சரிக்கைப் பயிற்சி. பயிற்சியாளர் நெல்சன் ரசாயன டப்பாக்களில் ஒட்டும் அபாயப் படங்களைச் சுவரில் காட்டினார். தீ, மண்டை ஓடு, கடைசியாக நெஞ்சு வெடித்த ஒரு மனிதன்.

"இது எந்த டப்பாவுக்கு சார்?" என்று கேட்டாள் செங்கமலம். மொட்டை மாடிகளில் நீர் கசியாமல் ரசாயனப் பூச்சு அடிப்பது அவள் வேலை.

"டப்பாவுக்கு இல்ல, ஆளுக்கு. ஒடம்புல ரசாயனம் ஏறினவங்களும் இனிமே அபாயப் பொருள்தான். புதுச் சட்டம்."

உடம்பில் ஏறிய ரசாயனத்தை அளந்து முத்திரை குத்தும் கருவியை எடுத்து அவள் மணிக்கட்டில் வைத்தார். அந்தப் படம் தோலில் சிவப்பாகப் பதிந்தது.

"இது பதிஞ்சதுமே எல்லா வாசலுக்கும் தகவல் போயிடும். பஸ்ல ஏறக் கூடாது. ஆஸ்பத்திரிக்குள்ள போகக் கூடாது."

"எம் பொண்ணு நேத்துதான் புள்ள பெத்திருக்கா. நான் இன்னும் மொகத்தக்கூடப் பாக்கல."

"வீடியோல பாரு. அடுத்த ஆள் வா."

செங்கமலம் நகரவில்லை. "நீங்க எத்தன வருஷமா இந்த டப்பாவெல்லாம் தெறந்து காட்டுறீங்க?"

"பன்னெண்டு வருஷம். அதுக்கென்ன இப்ப?"

அவள் கருவியைப் பிடுங்கி அவர் கையில் வைத்து அழுத்தினாள். அவர் உதறுவதற்குள் படம் பதிந்துவிட்டது.

"மெஷின் கெட்டுப்போச்சு!" என்று கத்தினார்.

"எனக்கு வச்சப்ப நல்லாத்தான இருந்துச்சு?"

அவர் போன் அடித்தது. மனைவியின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"என்னங்க, நம்ம ஃபிளாட் கேட்ல உங்க பேர எடுத்துட்டாங்க. உள்ள விட மாட்டாங்களாம். என்ன பண்ணீங்க?"

நெல்சன் மணிக்கட்டைச் சட்டையில் தேய்க்கத் தொடங்கினார். செங்கமலத்துக்கு இரக்கம் வரவில்லை. ஆஸ்பத்திரி இருக்கும் திசையில் வெயிலில் நடக்கத் தொடங்கினாள். தடுப்பவன் யாரானாலும் படம் பதிந்த இந்தக் கையால்தான் தள்ளிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.