சிரஞ்சீவி ஈஸ்ட்

செத்துப்போனவர்களின் குரலை ஈஸ்ட்டின் டி.என்.ஏ.வில் எழுதி, ஜாடியில் ஊற்றிக் கொடுக்கும் ‘சிரஞ்சீவி’ நிறுவனத்தின் விளம்பர வாசகம், ‘மரணத்துக்கு இனி வேலையில்லை’. பாளையங்கோட்டைக் கிளையில் ஏ.சி.யும் வேலை செய்யவில்லை.

புகார் மேசை முன்னால் ஜெபராணி ஜாடியோடு உட்கார்ந்திருந்தாள். அதில் இருந்தது அவள் மகள் ஷைனியின் குரல். நிறுவனம் கூடவே கொடுத்த கருவியில் ஒரு சொட்டு விட்டால், ‘அம்மா, சாப்ட்டியா’ என்று கேட்கும். ஒரு வாரமாகக் கேட்கவில்லை.

‘ஆன்ம உறவு மேலாளர்’ என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தவர் ஜாடியை ஆட்டிப் பார்த்தார். “நுரை பொங்குதே. தீனி ஏதும் போட்டீங்களாம்மா?”

“தினமும் சர்க்கரைத் தண்ணி ஊத்துதேன் சார். பெத்த பிள்ளைய பட்டினியாவா போட முடியும்?”

“ஃப்ரீசர்லதான வைக்கச் சொன்னோம்? தின்னா அது குட்டி போடும்லா. குட்டிக்குள்ள டி.என்.ஏ.வை இழுத்துட்டுப் போக சென்ட்ரோமியர்னு ஒரு பிடி வேணும். அது எங்க பிளாட்டினம் திட்டத்துலதான் உண்டு. உங்களுதுல பிடி இல்லாததால, குரல் பழைய தாய் செல்லுங்களோடயே தங்கிட்டு. இப்ப இருக்கது வெறும் ஈஸ்ட்தாம்மா. ஆப்பம் சுடலாம்.”

ஆறுதலாகத்தான் சொன்னார்.

“அந்தத் தாய் செல்லெல்லாம் எங்க சார்?”

“அதுங்களுக்கும் வயசாகும்லா. பெத்துப் பெத்து ஓஞ்சு செத்திருக்கும்.”

“சாகுற வரைக்கும் எம்பிள்ளைய விடலையா?”

மேலாளருக்குப் பயிற்சி வகுப்பில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

“விடலைம்மா” என்றார்.

ஜெபராணி ஜாடியைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.